கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு பறவை எச்சம்

வாசகர் கேள்வி – பதில்

(குழந்தைகளுக்குப் பூச்சிகளை அறிமுகம் செய்வது பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றுள் பெரும்பாலானவை சென்னையின் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வந்தவை. பல்லாண்டுகள் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற நம் கட்டுரையாளர் பதில் எழுதுகிறார்.)

வேளச்சேரியிலிருந்து ஒரு தாய்: என் மகளுக்கு ஐந்து வயது. எறும்பைக் கண்டாலும் அலறுகிறாள். அவள் சாப்பிட மறுக்கும்போது, "பூச்சி வந்து பிடித்துக்கொண்டு போய்விடும்" என்று சொல்லித்தான் என் மாமியார் ஊட்டுவார். நானும் கரப்பான் பூச்சிக்கு அஞ்சுகிறவள். எங்கிருந்து தொடங்குவது?

முதலில் மாமியாரிடம் பக்குவமாகப் பேசுங்கள். சோறு ஊட்டுவதற்கு நிலா இருக்கிறது, காக்கை இருக்கிறது. பூச்சியை அந்த வேலையிலிருந்து விடுவித்துவிடலாம். இடுப்பில் இருக்கும் குழந்தைக்குப் பூச்சி இன்னதென்று தெரியாது. அதைக் கண்டதும் தன்னைத் தூக்கி வைத்திருப்பவரின் உடல் எப்படி விறைக்கிறது என்பதுதான் அதற்கு முதலில் தெரிகிறது. ஆகவே அச்சம் இல்லாதவர் போல நீங்கள் நடிக்க வேண்டாம், குழந்தை அதை எளிதில் கண்டுபிடித்துவிடும். "எனக்கும் கொஞ்சம் பயம்தான், தள்ளி நின்று பார்ப்போமா?" என்று சொல்லிவிட்டு அவளோடு சேர்ந்து நில்லுங்கள்.

தொடக்கத்துக்குக் கரப்பான் வேண்டாம். பிள்ளையார் எறும்பு என்று நாம் சொல்லும் அந்தச் சின்னஞ்சிறு கறுப்பு எறும்பு போதும். அது கடிப்பதில்லை என்பதை உங்கள் கையில் ஏறவிட்டே காட்டலாம். வாசலில் அரிசி மாவால் கோலம் போடும் வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருக்குமானால் அதுவே வகுப்பறை. இல்லையென்றால் சமையலறை மேடையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேங்காய்த் துருவல் ஆகியவற்றைத் தள்ளித் தள்ளி வைத்துவிட்டு, எதற்கு முதலில் கூட்டம் சேர்கிறது என்று குழந்தையையே சொல்லச் செய்யுங்கள். எறும்பு வரிசை நன்றாக உருவான பிறகு, வரிசைக்குக் குறுக்கே விரலால் ஓர் இடத்தை மட்டும் அழுத்தித் துடைத்துவிடுங்கள். வந்துகொண்டிருந்த எறும்புகள் அந்த இடத்தில் திகைத்து நின்று, அங்குமிங்கும் தலையை ஆட்டித் தேடும். உணவைக் கண்ட எறும்பு திரும்பும் வழியெல்லாம் தரையில் ஒரு மணத்தை விட்டுச் செல்கிறது என்பதையும், பின்னால் வருபவை அதை உணர்கொம்பால் முகர்ந்துதான் நடக்கின்றன என்பதையும் எந்தப் பாடப் புத்தகமும் இவ்வளவு விரைவில் விளக்கிவிடாது.

தொடும்படி வற்புறுத்தாதீர்கள். சில குழந்தைகள் ஒரு வாரத்தில் தொடுவார்கள், சிலர் ஒருபோதும் தொடமாட்டார்கள். பார்ப்பவர்களாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் ஆசிரியை: சிலந்தி, மரவட்டை, மண்புழு எல்லாவற்றையும் பிள்ளைகள் பூச்சி என்றே எழுதுகிறார்கள். எளிய அடையாளம் ஏதேனும் உண்டா?

கால்களை எண்ணச் சொல்லுங்கள். வளர்ந்த பூச்சிக்கு ஆறு கால்கள். தலை, மார்பு, வயிறு என மூன்று பகுதிகளாக உடல். தலையில் ஓர் இணை உணர்கொம்புகள். எட்டுக் கால் சிலந்தியும், உடலின் வளையம் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் இரண்டு இணைக் கால்கள் கொண்ட மரவட்டையும், கால்களே இல்லாத மண்புழுவும் இந்தக் கணக்கில் வெளியே போய்விடும். மழை பெய்த மறுநாள் மண் தரையில் சிவப்பு வெல்வெட்டுத் துணுக்கைப் போல ஊர்கின்ற பட்டுப்பூச்சி, பெயரில் பூச்சி இருந்தும் எட்டுக் கால் உடையது, சிலந்தியின் உறவு. ஆனால் இதைச் சொல்லிக் குழந்தையின் விடைத்தாளில் சிவப்புக் கோடு போடாதீர்கள். தமிழில் பூச்சி என்ற சொல் அறிவியல் வகைப்பாட்டைவிடப் பழையது, அகலமானது. இரண்டு கணக்குகளும் உண்டு என்று சொல்லிக்கொடுப்பதே நேர்மை.

நம்மவர்களும் வகைப்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கும் தொல்காப்பிய மரபியல், சிதலையும் எறும்பையும் தொடுதல், சுவைத்தல், முகர்தல் என்னும் மூவறிவு உடையவை என்றும், நண்டையும் தும்பியையும் பார்வையும் சேர்ந்த நான்கறிவு உடையவை என்றும் சொல்கிறது. சிதல் என்பது கறையான். கறையான்களுள் வேலைக்காரக் கறையான்கள் பெரும்பாலும் கண்ணற்றவை என்பது இன்றைய உயிரியல். எறும்புக்குக் கண் உண்டு என்பதால் அந்த இடத்தில் மட்டும் நூலோடு நாம் சற்று மாறுபட வேண்டியிருக்கும். எறும்பு வரிசையைத் துடைத்துப் பார்த்தவர்கள், பார்வையை நம்பாத உயிர் என்று பழையவர்கள் ஏன் எண்ணினார்கள் என்பதைப் புரிந்துகொள்வார்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு தாத்தா: மூன்றாம் மாடியில் குடியிருக்கிறோம். இரண்டடி அகல பால்கனியும் அதில் நான்கு தொட்டிகளும்தான் எங்கள் தோட்டம். ஏழு வயதுப் பேரனுக்கு இங்கே எந்தப் பூச்சியைக் காட்ட முடியும்?

ஐயா, தங்கள் நான்கு தொட்டிகளில் ஒன்றில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருக்கிறதா? இருந்தால் வேறெதுவும் வேண்டாம். இல்லையென்றால் ஒரு நாற்று வாங்கி வையுங்கள். நர்சரியில் வாங்கும் செடியின்மேல் மருந்து தெளித்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால், நன்றாகக் கழுவிவிட்டுப் புதுத் தளிர் வரும்வரை சில வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியும், கறிவேப்பிலை அழகி என்று பெயர் பெற்ற கறுப்பு வண்ணத்துப்பூச்சியும் இந்தக் குடும்பச் செடிகளைத் தேடி மூன்றாம் மாடி வரைக்கும் தாராளமாக வரும். தாய்ப்பூச்சி செடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, தளிரை முன்கால்களால் தொட்டுப் பார்க்கும். அதன் கால்களில் சுவை அறியும் உறுப்புகள் இருக்கின்றன. இது தன் பிள்ளைகளுக்கு ஏற்ற இலைதானா என்று காலால் ருசி பார்த்துவிட்டுத்தான் முட்டையிடும். ஒவ்வொன்றாக, வெளிர்மஞ்சள் நிறத்தில், கடுகைவிடச் சிறிய உருண்டைகளாக அந்த முட்டைகள் இருக்கும். பேரனின் கண்கள்தான் முதலில் கண்டுபிடிக்கும், தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்று நான்கு நாட்களில் புழு வெளிவந்து, பெரும்பாலும் தன் முட்டை ஓட்டையே முதல் உணவாக உண்ணும். அடுத்து வரும் நாட்களில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இலைமேல் காக்கையோ சிட்டோ எச்சமிட்டுவிட்டதென்று நினைத்துத் துடைத்துவிடுகிறார்கள். பழுப்பும் கறுப்புமாய், நடுவில் வெள்ளைத் திட்டுடன், ஈரப் பளபளப்போடு இருக்கும் அந்த "எச்சம்"தான் நம் விருந்தாளி. தன்னைத் தின்ன வரும் பறவை தின்ன விரும்பாத ஒரே பொருளைப் போல அது வேடம் போட்டிருக்கிறது. இப்படியே தோலை உரித்து உரித்து வளர்ந்து, கடைசி உரிப்புக்குப் பிறகு வேடத்தை அடியோடு மாற்றிப் பச்சைப் புழுவாகிவிடும். மார்பின்மேல் கண்களைப் போல இரண்டு புள்ளிகள் தோன்றும். அப்போது ஒரு புல்லின் நுனியால் முதுகை மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து பாம்பின் நாக்கைப் போன்ற பிளவுபட்ட கொம்பு ஒன்று வெளியே நீளும், கூடவே ஒரு காரமான நாற்றமும் வரும். ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் இந்த வேடிக்கையைச் செய்ய வேண்டாம் என்று பேரனிடம் முதலிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள்.

கால்களை எண்ணினால் ஆறுக்கு மேல் வருகிறதே என்று அவன் கேட்பான். முன்னால் உள்ள மூன்று இணைகள் மட்டுமே உண்மையான கால்கள். பின்னால் சதைப்பற்றாக இருப்பவை கிளையைப் பிடித்துக்கொள்வதற்கான முட்டுக்கொடுப்புகள். வண்ணத்துப்பூச்சியானதும் அவை மறைந்துவிடும்.

புழுவைச் செடியிலேயே விட்டுவைப்பதுதான் நல்லது. தையல்சிட்டும் கொண்டைக்குருவியும் வந்து கொத்திச் செல்லும் என்று அஞ்சினால், பழைய கொசுவலைத் துண்டால் செடியை மூடுங்கள். உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டுமென்றால், வாய் அகன்ற கண்ணாடிச் சாடியில், நீர் நிரம்பிய சிறு குப்பியில் கறிவேப்பிலைக் கொத்தைச் செருகி, குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள். பஞ்சு வைக்காமல் விட்டால் புழு தண்டு வழியே இறங்கி நீரில் மூழ்கிவிடும்; என் வகுப்பறையில் இப்படி ஒரு முறை நடந்து, ஒரு மாணவன் இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. சாடியின் வாயில் மெல்லிய துணி போதும். நாள்தோறும் எச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிய இலை வைக்க வேண்டும். இந்த வேலை முழுவதும் பேரனுடையதாக இருக்கட்டும்.

ஏறத்தாழ இரண்டு வாரங்கள் தின்று கொழுத்த பின், ஒரு நாள் புழு தின்பதை நிறுத்திவிடும். வயிற்றில் உள்ளதையெல்லாம் நீராகக் கழித்துவிட்டு, அலைந்து திரிந்து ஒரு குச்சியைத் தேர்ந்தெடுத்து, இடுப்பைச் சுற்றி ஒரு நூல் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். நோய் வந்துவிட்டதென்று குழந்தை அழக்கூடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மறுநாள் அது கூட்டுப்புழுவாகிவிடும். பச்சைத் தண்டில் அமைந்தால் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் அமைந்தால் பழுப்பாகவும் கூடு இருப்பதைக் கவனிக்கலாம். அடுத்த எட்டு, பத்து நாட்களுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. இந்தக் காலத்துக் குழந்தைக்குக் கடினமான பாடம் இதுதான். கைப்பேசியில் இதை வேகமாக ஓட்டிப் பார்க்கும் வசதி இல்லை.

கூடு கருத்து, உள்ளே சிறகின் நிறம் தெரியத் தொடங்கினால் மறுநாள் காலையில் எழுப்புமாறு அவன் கேட்பான். பெரும்பாலும் விடியற்பொழுதிலோ காலையிலோதான் அது வெளிவரும். கசங்கிய துணி போன்ற சிறகுகளோடு தொங்கிக்கொண்டு, உடலிலுள்ள நீர்மத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும். உதவுவதாக எண்ணி யாரும் கையை நீட்டக் கூடாது. அந்த நேரத்தில் சிறகு மடங்கிவிட்டால் அது வாழ்நாள் முழுவதற்கும் மடங்கியதுதான். கீழே சொட்டும் செந்நிற நீர் இரத்தம் அன்று, கூட்டுக்குள் சேர்ந்திருந்த கழிவு. ஓரிரு மணி நேரத்தில் சிறகு உலர்ந்ததும், பால்கனிக் கதவைத் திறந்துவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில நேரங்களில் கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது. கூட்டில் ஒரு துளை விழுந்து, அதன் வழியே சிறு குளவிகள் வெளியேறும். புழுவாகவோ புதுக்கூடாகவோ இருந்தபோதே ஒரு குளவி அதனுள் முட்டையிட்டிருக்கும். இப்படி நடந்தால், வேறொரு புழுவைக் கொண்டுவந்து வைத்துக் குழந்தையை ஏமாற்றாதீர்கள். எலுமிச்சைச் செடியில் ஓர் இலையும் மிஞ்சாமல் போகாததற்கு அந்தக் குளவியும் ஒரு காரணம். முதலில் கோபப்பட்டு, பிறகு குளவியைப் பற்றிக் கேள்வி கேட்கத் தொடங்கும் குழந்தைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அரும்பாக்கத்திலிருந்து ஒரு தந்தை: எங்கள் வீட்டுச் சன்னல் மூலையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. அதை உடைக்கக் கூடாது, வீட்டில் குழந்தை பிறக்கப் போகிறது என்கிறார் என் அம்மா. புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவியாக்கும் என்றும் மகனிடம் சொல்லியிருக்கிறார். எதை மறுப்பது, எதை விடுவது?

முதல் நம்பிக்கையை விட்டுவிடுங்கள். அதனால் ஒரு கூடு தப்புகிறது. இரண்டாவதுதான் சுவையானது. குளவி கொட்டக் கொட்டப் புழு குளவியாகிவிடும் என்பது, குருவின் சொல்லைக் கேட்கக் கேட்கச் சீடன் குருவாகவே ஆகிவிடுவதற்கு உவமையாக நெடுங்காலம் வழங்கி வந்தது. வடமொழியாளர் இதைப் பிரமரகீட நியாயம் என்பார்கள். உவமை சொன்னவர்கள் கண்ணால் கண்டதில் பிழை ஏதும் இல்லை. குளவி புழுவைத் தூக்கி வருகிறது, கூட்டுக்குள் வைக்கிறது, கூட்டை அடைக்கிறது, சில வாரங்கள் கழித்து அதே கூட்டிலிருந்து குளவி வருகிறது. அடைத்த மண்ணுக்குள் நடந்ததை மட்டும் அவர்கள் ஊகித்தார்கள்.

நடப்பது இதுதான். தாய்க்குளவி தன் கொடுக்கால் இரையைக் கொல்லாமல் செயலிழக்கச் செய்கிறது. கொன்றால் அழுகிவிடும், ஓடவிட்டால் முட்டையை நசுக்கிவிடும். அப்படி அசையாமல் கிடக்கும் இரையோடு ஒரு முட்டையையும் வைத்து அறையை மூடிவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சு அந்த இரையைத் தின்று வளர்ந்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியேறுகிறது. குடத்தைப் போன்ற சிறு கூடு கட்டுவது புழுக்களைத் தேடும். விரல்களை அடுக்கியது போல் நீளமாகக் கட்டுவது சிலந்திகளைத் தேடும். பிரான்சு நாட்டின் ழான் ஆன்றி ஃபாபர் (1823–1915) இத்தகைய வேட்டைக் குளவிகளின் பின்னாலேயே பல ஆண்டுகள் அலைந்து குறிப்பெடுத்தவர். அவருடைய பிள்ளைகளும் அந்தத் தேடலில் அவருக்குத் துணை நின்றார்கள்.

மண்கூடு கட்டும் இந்தக் குளவிகள் தனித்து வாழ்பவை. கையால் பிடித்தாலன்றிக் கொட்ட வருவதில்லை. ஆகவே மகனை நான்கடி தள்ளி உட்காரவைத்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை மண் உருண்டைகள் வருகின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். கூட்டில் துளை விழுந்து குளவி வெளியேறியதும், அந்தப் பழைய கூட்டை மட்டும் பெயர்த்து ஒரு வெள்ளைத் தாளின்மேல் உடைத்துப் பாருங்கள். உரிந்த தோலும், சிலந்திக் கால்களோ புழுத் தலைகளோ சிலவும் கிடைக்கும். பாட்டியையும் பக்கத்தில் அழைத்து உட்காரவையுங்கள். அவரைத் திருத்த வேண்டும் என்பதற்காக அன்று. அவர் தம் சிறுவயதில் பார்த்த கூடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார், அதற்காக.

குரோம்பேட்டையிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவர்: ஈசலின் ஆயுள் ஒரு நாள்தானா?

இல்லை தம்பி. மழைக்குப் பிறகு குழல்விளக்கைச் சுற்றும் ஈசல்கள், புற்றிலிருந்து புறப்பட்ட சிறகுள்ள கறையான்கள். அவற்றுள் ஆணும் பெண்ணும் உண்டு. இறங்கியதும் சிறகை உதிர்த்துவிட்டு, இணையாக நடந்து மண்ணுக்குள் புகுந்து புதிய குடியிருப்பைத் தொடங்குவதுதான் அவற்றின் நோக்கம். பல்லி, மைனா, கரிச்சான், வௌவால், தவளை, மனிதர் என எல்லோரும் தின்று தீர்ப்பதால் மிகப் பெரும்பாலானவை அன்றிரவே மடிகின்றன. காலையில் வாசலில் கிடக்கும் சிறகுக் குப்பையைப் பார்த்துத்தான் ஒரு நாள் ஆயுள் என்று நாம் சொல்லத் தொடங்கினோம். தப்பிப் பிழைத்த பெண் அரசியாகிவிட்டால் பல ஆண்டுகள் வாழும். அடுத்த மழையில் உன் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு, தரையில் கைவிளக்கு அடித்துப் பார். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து நடக்கும் இணைகள் தெரியும்.

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு தாய்: வீட்டின் பின்புறம் முருங்கை மரம். கம்பளிப்பூச்சிக்கு அஞ்சியே பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. எவையெல்லாம் ஆபத்தானவை?

கம்பளிப்பூச்சியைத் தொடக் கூடாது என்பதை மாற்ற வேண்டியதில்லை. அதன் மயிர்கள் தோலில் ஏறினால் அரிப்பும் தடிப்பும் வரும். தேய்க்காமல், ஒட்டுத்தாளை அந்த இடத்தில் ஒட்டி ஒட்டி எடுத்தால் மயிர்கள் அதோடு வந்துவிடும். பிறகு நீர் விட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டிருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் செல்லுங்கள். "மயிருள்ள புழுவைத் தொடாதே, வழுவழுப்பான புழுவையும் பெரியவரைக் கேட்டுவிட்டுத் தொடு" என்ற விதி சிறுவர்களுக்குப் போதும்.

மழைக்காலத்தில் விளக்குக்கு வரும் இன்னொன்று உண்டு. நீண்ட எறும்பைப் போல, கறுப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும் சிறு வண்டு. சிலர் இதை ஆசிட் பூச்சி என்கிறார்கள். இது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. உடலின்மேல் அதை நசுக்கிவிட்டால்தான் அதனுள் இருக்கும் நச்சு தோலில் பட்டு, ஓரிரு நாளில் தீப்பட்டது போல் கொப்புளமாகும். கழுத்தில் ஏதோ ஊர்ந்தால் பட்டென்று அடிக்கும் நம் பழக்கம்தான் இங்கே ஆபத்து. ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தேனீ கொட்டினால் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். நேரம் கடத்தாமல் நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுக் குளிர்ந்த நீர்த்துணி வையுங்கள். முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், உடலெங்கும் தடித்தாலும் காத்திருக்காமல் 108 அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புதருக்குள் போகும்போது முழுக்கால் சட்டையும் மூடிய செருப்பும் அணியச் சொல்லுங்கள். பூச்சியைவிட, புதரில் இருக்கும் உண்ணி வகையின் குஞ்சுகளால் பரவும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலை எண்ணியே இதைச் சொல்கிறேன். புதர்ப்பக்கம் விளையாடிய சில நாட்களில் காய்ச்சல் வந்து, உடலில் எங்கேனும் கறுத்த பொருக்கு தெரிந்தால் அதை மருத்துவரிடம் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

இராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்: பூச்சியை நேசி என்று சொல்லிவிட்டுக் கொசு மட்டையால் பொசுக்கினால் குழந்தை சிரிக்காதா?

சிரிக்கட்டும். நானும் மட்டை வைத்திருக்கிறேன். நேசி என்று நான் எங்கும் எழுதவில்லை, அறிந்துகொள்ளச் சொல்கிறேன். கொசுவை அறிந்த குழந்தை மட்டையைவிடப் பயனுள்ள வேலையைச் செய்யும். தேங்கிய நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் அள்ளி அரை மணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். நெளியும் புழுக்கள் தலைகீழாகத் தொங்கி, வாலிலுள்ள குழாயை நீர்மட்டத்தில் நீட்டி மூச்சு வாங்கும். நிழல் பட்டால் கீழே பாயும். நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்திருந்தால் அது மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் வகை. அந்த வகைக் கொசுவின் வயிற்றில்தான் 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கண்டார். பார்த்து முடித்ததும் நீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிடுங்கள், சாக்கடையில் அன்று. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரில்லாமலும் பல மாதங்கள் தாங்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவும் வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால் வாரத்துக்கு ஒரு நாள் சோதனை. எங்கள் குடியிருப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இந்தப் பொறுப்பில் இருக்கிறாள். செயலாளரே அவளுக்கு அஞ்சுகிறார்.

அண்ணா நகரிலிருந்து ஒரு பெற்றோர்: பத்துப் பூச்சிகளைப் பிடித்து, ஊசி குத்தி, அட்டையில் ஒட்டிக் கொண்டுவருமாறு மகளின் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். அவளுக்கு விருப்பமில்லை. வேறு வழி உண்டா? சென்னையில் எங்கே அழைத்துச் செல்லலாம்?

ஆய்வாளர்களுக்கு அந்தச் சேகரிப்பு தேவை. உலகில் பெயரிடப்பட்ட ஏறத்தாழ பத்து இலட்சம் பூச்சி இனங்களை அடையாளம் காண்பதற்கு ஊசியில் குத்திய மாதிரிகள்தான் அடிப்படை. நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அது தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. என் தலைமுறையில் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் வேல இலையோடு அடைத்து, முட்டையிடும் என்று காத்திருந்தோம். தட்டானின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டோம். அதனால் நாங்கள் பூச்சிகளை அறிந்துகொண்டதாகச் சிலர் இன்று நெகிழ்ந்து பேசுகிறார்கள். நாங்கள் அறிந்தது தீப்பெட்டியைத்தான். அந்த வண்டு மண்ணில் எங்கே முட்டையிடும், புழு எதைத் தின்னும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆசிரியருக்குப் பணிவாக ஒரு கடிதம் எழுதுங்கள். ஒரே ஒரு பூச்சியைப் பத்து நாட்கள் பார்த்து, நாளுக்கொரு படமும் நான்கு வரிக் குறிப்பும் கொண்டுவர அனுமதி கேளுங்கள். இறந்து கிடக்கும் பூச்சிகளைச் சன்னல் விளிம்பிலும் குழல்விளக்கின் மூடியிலும் பொறுக்கலாம், அதில் தவறில்லை. அடையாளம் காண ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தைப் பதிவேற்றினால், துறை அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள்; பதிவேற்றுவதை உங்கள் கணக்கிலிருந்து நீங்களே செய்யுங்கள்.

இடங்களைப் பொறுத்தவரை, தெருமுனைக் காலி மனையில் எருக்கஞ்செடி இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி பெரும்பாலும் எருக்கில் முட்டையிடும். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள் கொண்ட அதன் புழுவைத் தேடிப் பிடிக்க அதிக நேரம் ஆகாது. எருக்கம்பால் கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டியில் தேசியப் பூங்காவை ஒட்டிய சிறுவர் பூங்கா, வண்டலூர் உயிரியல் பூங்காவிலுள்ள வண்ணத்துப்பூச்சிப் பகுதி ஆகியவை அரை நாளுக்குப் போதும். பூங்காக்களிலிருந்து எந்தப் பூச்சியையும் எடுத்துவரக் கூடாது. கோயம்புத்தூருக்குப் போகும் வாய்ப்பு வந்தால், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம். மகளின் பள்ளி கேட்கும் ஊசி குத்திய பூச்சிகளை அங்கே முறையாகப் பார்க்கலாம்.

செப்டம்பர், அக்டோபரில் என்றால் பள்ளிக்கரணைச் சாலையோரமோ கடற்கரையோ நல்லது. பொன்மஞ்சள் நிறத் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பார்களே, அந்தத் தட்டான். மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், நன்னீர்க் குளங்கள் மிக அரிதான அந்தத் தீவுகளுக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் இவை வந்து சேர்வதைக் கவனித்து, இந்தியாவிலிருந்து கடல் கடந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் செல்கின்றன என்ற கருத்தை 2009-இல் வெளியிட்டார். பல தலைமுறைகளாகத் தொடரும் அந்தப் போக்குவரத்தின் தொலைவு 14,000 முதல் 18,000 கிலோமீட்டர் வரை இருக்கலாம் என்பது அவர் கணிப்பு. நூல் கட்டாமல் விட்ட தட்டான் அவ்வளவு தூரம் போகிறது.

அம்பத்தூரிலிருந்து ஒரு தந்தை: மகளின் எட்டாம் பிறந்தநாளுக்குப் பூச்சி பார்க்க உதவும் பரிசாக என்ன வாங்கலாம்?

பெட்டி பெட்டியாக விற்கும் பிளாஸ்டிக் கருவிகள் வேண்டாம். மூன்று முதல் ஐந்து மடங்கு பெரிதாக்கும், முகம் அகன்ற பூதக்கண்ணாடி ஒன்று. கோடு போடாத நோட்டுப் புத்தகம் ஒன்று. வெயிலைக் குவித்து எறும்பைச் சுடக் கூடாது என்பதைக் கண்ணாடியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வீட்டில் பழைய குடை இருந்தால் அதைத் தலைகீழாக விரித்து, உள்ளே ஒரு வெள்ளைத் துணியைப் பரப்பி, செடியின் கிளைக்குக் கீழே பிடித்துக்கொண்டு கிளையை இரண்டு முறை உலுக்கச் சொல்லுங்கள். பொறிவண்டும், இலைப்பூச்சியும், கும்பிடுபூச்சிக் குஞ்சும், அவள் பெயர் வைக்க வேண்டிய பலவும் துணியில் விழும். பார்த்துவிட்டு அதே செடியில் கொட்டிவிடலாம். இரவில் அந்தத் துணியையே மொட்டை மாடிக் கொடியில் தொங்கவிட்டு, அதன் முன் ஒரு விளக்கை வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து அமரும். துணிக்கு வெள்ளை வேட்டிதான் மிகவும் ஏற்றது. தாத்தாவிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.